ஆபரேசன் மேசையில் அந்த இரண்டு மணி நேரம் நான் எங்கே போயிருந்தேன்?

வாட்டுக்காரன் (தலவாக்கலைப் பக்கம்)

இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒரு மாதமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். வீட்டில் கேட்டால் மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை என்கிறார்கள். அதனால் இங்கே.

நான் தேயிலைத் தோட்டத்து இஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இரவு வேலை. கொழுந்து வாட்டுகிற பகுதி. சாயங்காலம் மலையிலிருந்து லொறி வரும். கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பி, காற்றாடியைப் போட்டுவிட்டு, விடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பதுதான் தொழில். மழைநாள் கொழுந்து என்றால் 18 மணி நேரம்கூட எடுக்கும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். நொறுநொறுவென்றால் இன்னும் ஆகவில்லை. பட்டுத்துணி மாதிரி கைக்குள் அடங்கி, காம்பு ஒடியாமல் வளைந்தால் சரி, கொழுந்தை உருட்டி அரைக்கிற ரோலருக்கு அனுப்பலாம். இதைச் செய்து 22 வருசம். யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிற வேலை. அதுதான் பிரச்சினையே.

போன மாதம் பித்தப்பையில் கல் என்று ஆபரேசன் செய்தார்கள். மேசையில் படுக்கவைத்து, கையில் ஏற்றியிருந்த ஊசி வழியாகப் பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்தை விட்டார்கள். தலைக்கு மேலே பெரிய விளக்கு. அதில் ஏழு கண்ணாடி வட்டங்கள். எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு வரை ஞாபகம். ஐந்தாவதை எண்ணப் போகும்போது ஒரு மிஸ் கன்னத்தைத் தட்டி, "முடிஞ்சது, கண்ணைத் திறங்க" என்கிறார். இடையில் இரண்டு மணி நேரம் போயிருக்கிறது.

தூக்கம் என்றால் எனக்குத் தெரியும். பகலில் தூங்கிப் பழகியவன், தூக்கத்தின் எல்லா ரகத்தையும் பார்த்திருக்கிறேன். எவ்வளவு அசந்து தூங்கினாலும் எழும்பியதும் தூங்கினோம் என்று தெரியும். நேரம் போயிருக்கிறது என்று உடம்பே சொல்லும். இது அப்படி இல்லை. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு மயிரிழைகூட இல்லை. இருட்டுகூட இல்லை. இருட்டு என்றால் அதைப் பார்க்கவாவது ஓர் ஆள் வேண்டுமே.

என் வயிற்றுக்குள் கையை விட்டு ஒரு பையையே எடுத்திருக்கிறார்கள். நான் அங்கே இல்லை. வேறு எங்கும் போகவும் இல்லை. அப்படியென்றால் 46 வருசமாக 'நான், நான்' என்று சொல்லிக்கொண்டிருப்பது எதை? அது காற்றாடி மாதிரி ஒரு சாமானா, இல்லை காற்றாடி சுத்தும்போது மட்டும் வருகிற காற்றா?

இஸ்டோரில் எங்களோடு ஒரு சிங்கள எலெக்ட்ரீசியன் இருக்கிறார். போயாவுக்குப் போயா (பௌர்ணமி நாள்) வெள்ளை உடுத்திப் பன்சலையில் (பௌத்த விகாரை) சில் எடுக்கிற, அதாவது விரதம் இருக்கிற மனுசன். அவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியமே படவில்லை. புத்தர் ஞானம் பெற்ற பிறகு ஐந்து பிக்குகளுக்குச் செய்த இரண்டாவது போதனையே இதுதான் என்றார். உடம்பு, உணர்ச்சி, இன்னது என்று அடையாளம் காண்பது, மனசின் உந்துதல்கள், அறிவு என்று ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது நீயா என்று கேட்டாராம். இது நீதான் என்றால் உன் சொல்லைக் கேட்க வேண்டுமே, 'என் உடம்பு இப்படி இருக்கட்டும்' என்றால் இருக்க வேண்டுமே என்றாராம். என் பித்தப்பை என் சொல்லைக் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

அப்புறம் இரண்டாம் நம்பர் ரோலரைக் காட்டினார். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். முதலில் தண்ணீர் ரோதையில் ஓடியதாம், பிறகு எண்ணெய் எஞ்சின், இப்போது மோட்டர். மேசையில் இருக்கும் பித்தளைப் பட்டைகளை நான் வந்த பிறகே இரண்டு தரம் மாற்றியாயிற்று. சட்டி மாற்றியது. ஒரு கால் வெடித்து வெல்டிங் வைத்தது. ஆனாலும் எல்லோருக்கும் அது 'பழைய ரோலர்'. "எதை மச்சான் பழைய ரோலர் என்கிறாய்?" என்றார். மிலிந்தன் என்ற கிரேக்க ராஜாவிடம் நாகசேனர் என்ற பிக்கு இதையே தேரை வைத்துக் கேட்டிருக்கிறார்: சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகத்தடி தேரா என்று.

என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த ரோலரைப் பார்த்ததும் வேறொன்று ஞாபகம் வந்து, அன்றிலிருந்துதான் சரியாகத் தூக்கமில்லை. எங்கள் அப்பாவின் வலது கையில் இரண்டு விரலை எடுத்தது அதே ரோலர்தான். எனக்கு அப்போது எட்டு வயது. அதன் பிறகு அவர் சாகும்வரை, இல்லாத அந்தச் சுண்டுவிரல் அரிக்கிறது என்பார். மழைக்கு முன்னால் கூடுதலாக. "சொறிஞ்சு விடுடா" என்பார். நானும் விரல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றைச் சொறிவேன். சிரிக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் "இப்பத் தேவல" என்று கையை எடுத்துக்கொள்வார்.

இல்லாத விரல் அப்படி அரிக்கும் என்றால், இந்த 'நான் இருக்கிறேன்' என்பதும் அதே வகைதானா? இதுதான் கேள்வி. படித்தவர்கள் சொல்லுங்கள். பக்திப் பதிலும் சொல்லலாம், கோபிக்க மாட்டேன். 'எல்லாம் மாயை' என்று ஒரு வரியில் மட்டும் முடித்துவிடாதீர்கள். மாயைக்கு யாரும் பித்தப்பை ஆபரேசன் செய்வதில்லை.

பனிக்காலம்

அண்ணே, முதலில் பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக் கேளுங்கள். பாதித் தத்துவம் தானாகக் குறையும்.

தியேட்டர் மிஸ் (பதுளை மாவட்டம்)

அண்ணா, நான் தாதி. சேவையில் 11 வருசம், அதில் ஆறு வருசம் மயக்கம் தெளிவிக்கிற அறையில். உங்கள் கன்னத்தைத் தட்டியது என்னைப் போல ஒருத்திதான்.

முதலில் அந்த 'நாலு'. நீங்கள் நாலோடு நிறுத்தினீர்கள் என்று அவ்வளவு உறுதியாக நம்ப வேண்டாம். பயத்தைக் குறைக்க முன்னாலேயே கொடுக்கிற சில மருந்துகள், நடப்பது ஞாபகத்தில் பதிவதையே நிறுத்திவிடும். ஏழு வரை எண்ணி முடித்திருக்கலாம், எங்களோடு பேசிக்கூட இருக்கலாம். பதிவாகவில்லை, அவ்வளவுதான். தெளியும்போதும் இதே கதை. கண் திறந்து, நல்லாப் பேசி, கேட்டதற்குப் பதிலும் சொல்வார்கள். பின்னேரம் வார்டில் போய்க் கேட்டால் 'நானா? இல்லியே' என்பார்கள். ஒரு வயதான அம்மா கண்ணைத் திறந்த கையோடு "என் படங்கு எங்க, படங்கு எங்க" என்று இடுப்பைத் தடவினார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கு. பென்சன் எடுத்துப் பல வருசமாம். அண்ணா, நீங்கள் எழும்பியதும் முதலில் என்ன சொன்னீர்கள் என்று வீட்டில் கேட்டுப் பார்த்தீர்களா?

மருந்து போட்டதும் மூளை அணைந்துபோகிறது என்று நினைக்கிறோம். இல்லை. நரம்புகள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். மூளையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசுவதுதான் அறுந்துபோகிறது. மேட்டு லயத்திலும் (தோட்டத்து வரிசை வீடு) ஆள் இருக்கிறது, பணிய லயத்திலும் ஆள் இருக்கிறது, ஆனால் ஒரு லயத்துச் சத்தம் மற்றதுக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1846இல் பொஸ்டனில் ஈதரை முகரவைத்து ஊரறிய ஆபரேசன் செய்து காட்டினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை மயக்குகிறோம், மயங்குகிறார்கள். நினைவு எப்படிக் கழன்று போகிறது என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை.

அப்பாவின் விரலுக்கு வருகிறேன். மூளைக்குள் உடம்பின் படம் ஒன்று இருக்கிறது. விரல் போனாலும் படத்தில் விரல் அழிவதில்லை. நம் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் என்ற டொக்டர் 1990களில் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியவைத்தார். இருக்கிற கையை விரித்தால் இல்லாத கையின் இறுக்கம் தளர்ந்தது என்று சில நோயாளிகள் சொன்னார்கள். நீங்கள் எட்டு வயதில் காற்றைச் சொறிந்தது கிட்டத்தட்ட அதே வைத்தியம். அப்பா உங்களைச் சந்தோசப்படுத்தச் சொல்லவில்லை, உண்மையாகவே தேவலையாகியிருக்கும்.

'நான்' விசயத்தில் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது வேறு. கடுமையான வலிப்பு நோய்க்கு ஒரு காலத்தில் மூளையின் இரண்டு பாதியையும் இணைக்கிற நரம்புப் பட்டையை வெட்டிவிடுவார்கள். அவர்களை ஆராய்ந்ததற்காக ரோஜர் ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் கசானிகா செய்த ஒரு சோதனை: நோயாளியின் பேசுகிற இடது மூளைக்கு மட்டும் ஒரு கோழிக்காலைக் காட்டினார்கள். பேச வராத வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய வீட்டைக் காட்டினார்கள். பிறகு, பொருத்தமான படத்தைத் தொடு என்றார்கள். வலது கை கோழியைத் தொட்டது. இடது கை பனி வாருகிற சவலை, அதாவது மண்வாரியைத் தொட்டது. ஏன் சவல் என்று கேட்டால், பேசுகிற பாதிக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாதே. 'தெரியவில்லை' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்சமும் தயங்காமல், 'கோழிக்கூட்டைத் துப்புரவாக்கச் சவல் வேண்டாமா?' என்றது.

அந்த ஆள் பொய் சொல்லவில்லை, அதுதான் பயங்கரம். அதை வாசித்ததிலிருந்து, வீட்டில் சண்டை பிடித்துவிட்டு 'நான் ஏன் கோபப்பட்டேன் என்றால்' என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் கோழிக்கூடு ஞாபகம் வருகிறது.

என் கருத்து, தப்பாகவும் இருக்கலாம்: அப்பாவுக்கு விரல் இல்லை, அரிப்பு இருந்தது. அரிப்பைப் பொய் என்று சொன்னால் எங்கள் வார்டில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

ரதி வேசம் கட்டியவன் (ஓய்வுபெற்ற ஆசிரியர், மஸ்கெலியா)

தம்பி வாட்டுக்காரனுக்கும் மகள் மிஸ்ஸுக்கும்,

சைவமும் தமிழும் படிப்பித்தவன் நான். மாயை என்று முடிக்காதீர்கள் என்றீர்கள். சைவ சித்தாந்தத்தில் அப்படி முடிக்கவும் முடியாது. நமக்கு மாயை என்றால் பொய் அல்ல. உலகமும் உடம்பும் எதனால் செய்யப்பட்டனவோ அந்த மூலப்பொருள். இஸ்டோர்க் கணக்கில் சொன்னால், கொழுந்து.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் மூன்றாவதை உங்கள் கேள்விக்காகவே எழுதியிருக்கிறார். உயிர் என்று ஒன்று உண்டு என்பதற்கு அவர் அடுக்குகிற காரணங்களில் ஒன்று: 'இல்லை' என்று சொல்கிறாயே, அப்படிச் சொல்வதற்கு ஒன்று இருக்கிறதல்லவா? 1637இல் பிரெஞ்சுக்காரர் டெகார்ட் 'சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்றதும் இதற்குப் பக்கத்து வீடுதான். இன்னொன்று உங்கள் ஆபரேசனுக்கென்றே சொன்னது போலிருக்கும். ஆழ்ந்து உறங்கும்போது உடம்பு கிடக்கிறது, மூச்சு ஓடுகிறது, ஆனால் இன்ப துன்ப நுகர்ச்சி இல்லை. ஆகவே நுகர்கிறவன் உடம்புமல்ல, மூச்சுமல்ல, வேறு. மேசையில் உடம்பு இருந்தது, வெட்டும் விழுந்தது, நோவு மட்டும் இல்லை. சரிதானே?

'எனது உடல்' என்கிறோமே, அப்படியானால் உடையவன் வேறு, உடைமை வேறு என்பதும் அவர் வாதம்தான். இதை முப்பது வருசம் வகுப்பில் சொன்னேன். ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "'என் உயிர்' என்றும் சொல்றோமே சேர், அப்ப உயிரை வச்சிருக்கிறது யாரு?" என்றாள். மணி அடித்தது. தப்பித்தேன்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1971 மாசியில், 17 வயதில், எங்கள் தோட்டத்துக் காமன்கூத்தில் எனக்கு ரதி வேசம். சேலை, சவுரி, கால் சலங்கை. கம்பம் ஊன்றிய நாளிலிருந்து விரதம். தப்பு (பறை) அடிக்க அடிக்க லயம் லயமாக ஆடிப் போனோம். கடைசி இரவு சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதன் எரிந்ததும் ரதி ஒப்பாரி வைக்க வேண்டும். ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் அழுதேன். மூக்கு ஒழுகி முகப்பூச்செல்லாம் கரைந்தது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள், இப்படி ஒரு ரதியைப் பார்த்ததில்லை என்றார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் எங்கள் அண்ணன் குடும்பத்தை ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏற்றிவிட்டு வந்தோம். தலைமன்னார் போய்க் கப்பல் ஏறி இந்தியாவுக்கு. அண்ணனை ஏற்றிவிட்டபோது நான் அழவில்லை.

அந்த இரவு அழுதது யார்? ரதியா, நானா? ரதிக்கு அண்ணன் இல்லை. எனக்குச் சேலை இல்லை. சித்தாந்தம் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது, சார்ந்ததன் வண்ணமாதல். எதை ஒட்டி நிற்கிறதோ அதன் நிறமாகவே உயிர் தெரியும், படிகக் கல் மாதிரி. கல்லுக்கென்று நிறம் கேட்டால் காட்ட முடியாது. ஸ்கொட்லாந்துக்காரர் ஹியூம் (நம் தோட்டங்களுக்கு வாயில் நுழையாத பெயர் வைத்த துரைமாரின் நாட்டவர்) 1739இல், எனக்குள்ளே எவ்வளவு தேடினாலும் சூடு, குளிர், அன்பு, வெறுப்பு இவைதான் அகப்படுகின்றன, 'நான்' அகப்படவே இல்லை என்று எழுதினார். அவர் நிறங்களைப் பார்த்துவிட்டுக் கல் இல்லை என்றார் என்பது என் கட்சி. கல்லைக் காட்டு என்றால் நானும் மாட்டிக்கொள்வேன், அது வேறு விசயம்.

சத்தியக் கடதாசி (பொகவந்தலாவை, இப்போது வத்தளை)

சேருக்கு வணக்கம். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன், தத்துவம் தெரியாது. ஒரு கடதாசிக் கதை தெரியும்.

எங்கள் அப்பாவுக்கு மூன்று பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று. தோட்டத்துச் செக்ரோலில் (வேலைநாள் பதிகிற பதிவேடு) அதே பெயரின் கடைசியில் ஒரு 'சாமி' கூட இருக்கும். அடையாள அட்டையில் சாமி இல்லை, ஆனால் முதலெழுத்து வேறு. சிங்களத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று போய் வந்ததில் அப்படி ஆகிவிட்டது. மலையகத்தில் இது புதுசு இல்லை, வீட்டுக்கு ஒரு கேஸ் இருக்கும். வேலையை விட்டபோது ஊழியர் சேமலாப நிதிக் காசு எடுக்கப் போனோம். கந்தோரில் பைலைப் புரட்டிவிட்டு, "இது மூன்று ஆளாச்சே" என்றார் ஒருவர். அப்பா அவர் முன்னால்தான் நிற்கிறார், ஒரே ஆளாக, குடையோடு.

கடைசியில் ஒரு சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்தோம். 'மேற்கூறிய மூன்று பெயர்களாலும் அழைக்கப்படுபவர் ஒரே ஆளே என இத்தால் சத்தியம் செய்கிறேன்.' அப்பா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பஸ்ஸில் வரும்போது, "இவ்வளவு நாளும் மூணு பேருக்கு ஆக்கிப்போட்டாளே உங்கம்மா, பாவம்" என்றார்.

அம்மா கொழுந்து எடுத்தவர். தோட்டத்தில் 'பேர்' என்றால் என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் அப்போது 18 கிலோ நிறுத்தால் முழுப்பேர், ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து, "இன்னைக்கு எனக்கு அரைப்பேர்தான்" என்பார். சின்ன வயதில் எனக்கு அது விநோதமாக இருக்கும், அம்மாவின் பெயரில் பாதியை யார் எடுத்தது என்று.

இப்போது வாட்டுக்காரன் அண்ணனின் கேள்வி. அந்தப் பேர் எங்கே இருக்கிறது? கூடையில் இல்லை, அங்கே கொழுந்துதான் இருக்கிறது. தராசில் இல்லை, மலையில் எங்கே தேடினாலும் இல்லை. எல்லாம் முடிந்து சாயங்காலம் கணக்கப்பிள்ளை ஒரு வரியாக எழுதுவதுதான் பேர். எழுதினதால்தான் இருக்கிறது. அதற்காக அதைப் பொய் என்று சொல்லிவிட்டு அம்மா முன்னால் நின்று பாருங்கள். பேர் குறைந்த மாதம் கடைக்காரர் அரிசி தர மாட்டார்.

தியேட்டர் மிஸ் சொன்ன கோழிக்கூட்டை வாசித்ததும் எனக்குச் செக்ரோல்தான் ஞாபகம் வந்தது. பேசுகிற அந்தப் பாதி ஒரு கணக்கப்பிள்ளை. மலையில் நடந்ததெல்லாம் அவர் பார்த்ததில்லை. ஆனாலும் பக்கம் காலியாக இருக்கக் கூடாது, எதையாவது எழுதி முடித்துவிடுவார். சில நாள் பிழையாகவும்.

எழுத்துதானே என்று சும்மாவும் இருக்க முடியாது. 1948இல் ஒரு குடியுரிமைச் சட்டம் எழுதினார்கள், எங்கள் தாத்தா நாடில்லாதவரானார். 1964இல் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே இலங்கையில், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அன்று காலையும் தாத்தா அதே தாத்தாதான், அதே தேத்தண்ணிதான். ஆனால் சேரின் அண்ணனை ஏற்றிக்கொண்டு போன கோச்சி உண்மையான கோச்சி.

ரதி வேசம் கட்டியவன்

தம்பி, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் கணக்கப்பிள்ளைக்கு மேலே ஒரு துரை உண்டு, அவர் இல்லாமல் செக்ரோலே நடக்காது என்பதுதான் சித்தாந்தம்.

சத்தியக் கடதாசி

இருக்கலாம் சேர். 19 வருசம் தோட்டத்தில் இருந்தேன், துரையை ஒருநாளும் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஜீப் சத்தம் மட்டும் கேட்கும்.

தியேட்டர் மிஸ் (பதுளை மாவட்டம்)

பெயர் என்றதும் ஒன்று. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர், 1953இல் 27 வயதில் வலிப்புக்காக மூளையின் உட்பகுதியில் ஆபரேசன் செய்த பிறகு புதிதாக எதையும் ஞாபகம் வைக்க முடியாமல் போனார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையச் சொல்லிப் பழக்கினார்கள். நாளுக்கு நாள் கை திருந்திக்கொண்டே வந்தது. அவருக்கோ ஒவ்வொரு நாளும் அது முதல் தடவை. செக்ரோல் நின்றுபோய்விட்டது, மலையில் வேலை மட்டும் நடந்தது. ஐம்பது வருசத்துக்கு மேல் மருத்துவப் புத்தகங்களில் அவர் வெறும் எச். எம். 2008இல் இறந்த பிறகுதான் முழுப்பேர் வெளியே வந்தது.

வாட்டுக்காரன் (தலவாக்கலைப் பக்கம்)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவு வேலைக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். சேர், காமன்கூத்துப் பகுதியை எலெக்ட்ரீசியனுக்குச் சிங்களத்தில் சொன்னேன். ரதி என்றெல்லாம் விளக்க எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அண்ணன் கோச்சி ஏறியது அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மிஸ் கேட்டதை வீட்டில் கேட்டேன். மனைவிக்குச் சிரிப்பு. எழும்பியதும் என்னமோ உளறினேன் என்று அன்றே சொன்னாராம், நான்தான் காதில் வாங்கவில்லை. நடந்தது இது. வார்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் மாற்றியதும் கண்ணைத் திறந்து, கட்டிலில் விரித்திருந்த போர்வையை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தேனாம். "இன்னும் ஆகலை" என்றேனாம். திரும்பத் திரும்ப மூன்று தடவை. பக்கத்துக் கட்டில்காரர் டொக்டரைக் கூப்பிடவா என்று கேட்டிருக்கிறார். பிறகு காற்றாடியை நிறுத்தாதே என்று மனைவியிடம் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டேனாம்.

எனக்கு இதில் ஒரு சொட்டும் ஞாபகம் இல்லை. யார் அந்த ஆள் என்றும் தெரியவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவன். அந்தப் போர்வையை நான் பிறகு தொட்டுப் பார்த்தேன், கஞ்சி போட்டுத் துவைத்தது, நொறுநொறுவென்றுதான் இருந்தது.

லொறி வந்துவிட்டது. மழைக் கொழுந்து. மிச்சம் விடியப் பேசலாம்.